சுங்கம் தவிர்த்த சோழனும் பள்ளிப்பட்டுத் தறிக்காரரும்

பள்ளிப்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விசைத்தறிக்காரர் போன மாதம் ஒரு சந்தேகத்தோடு வந்தார். சீனாவிலிருந்து தறிக்கு உதிரிபாகம் வரவழைக்கிறார். விற்பவன், "பில்லில் பாதி விலை போட்டுத் தர்றேன், சுங்கம் மிச்சம்" என்கிறானாம். "செய்யலாமா சார்? நீங்கதான் பழைய கணக்கெல்லாம் படிக்கிறவராச்சே" என்றார். சுங்கம் எப்படிப் போடுகிறார்கள் என்று இன்றைய விதியைப் பார்க்கப் போய், இரண்டாயிரம் வருஷம் பின்னால் போய்விட்டேன்.

முதலில் இன்றைய கணக்கு. பொருளின் விலை மட்டுமில்லை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்குத்தான் சுங்கம். அது 10,000 ரூபாய், அடிப்படைத் தீர்வை 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 750. அதன் மேல் பத்து சதவீதம் சமூக நல கூடுதல் வரி, 75. இந்த மொத்தம் 10,825-க்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, ஏறக்குறைய 1,949. ஆக மொத்தம் 2,774 ரூபாய். நூற்றுக்கு இருபத்தேழு ரூபாய்க்கு மேல்.

இது ஒன்றும் புதிதில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து 'ஹெர்மபோலன்' என்ற கப்பல் சரக்கோடு எகிப்துக்குப் போனது. அந்தச் சரக்கு பற்றிய கடன் ஒப்பந்தம் ஒரு பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்திருக்கிறது. செங்கடல் துறைமுகத்தில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றி, பிறகு நைல் நதிப் படகில் அலெக்சாந்திரியா வரை கொண்டுபோய் முத்திரையிட்டு வைக்க வேண்டும். அங்கே ரோமானிய அரசு எடுத்துக்கொண்டது நாலில் ஒரு பங்கு. இருபத்தைந்து சதவீதம்!

நம் பக்கமும் காவல் சும்மா இல்லை. கடலிலிருந்து வந்ததும் கடலுக்குப் போவதுமான மூட்டைகளுக்குப் புகாரில் புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வள்ளுவரும் அரசன் பொருளில் 'உல்கு பொருளை' ஒன்றாக எண்ணுகிறார். உல்கு என்றால் சுங்கம்.

இந்த வரிசையில் தனியாக நிற்பவன் முதலாம் குலோத்துங்கன் (1070–1122). வேங்கிச் சாளுக்கிய அரசன் ராஜராஜ நரேந்திரனுக்கும், ராஜேந்திர சோழன் மகள் அம்மங்கா தேவிக்கும் பிறந்தவன். 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டம் அவனுக்குத்தான். தஞ்சைக்குப் பக்கத்துக் கருந்திட்டைக்குடிக்கு 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' என்றே பெயர் வந்தது. வரியே வேண்டாம் என்றிருந்தவன் என்று நினைக்காதீர்கள். நிலத்தை இரண்டு தடவை அளந்தவன் அவன். நிலவரியை ஒழுங்காக வாங்கத் தெரிந்தவன், வணிகன் வழியில் கிடந்த தடையை எடுத்துவிட்டான். விசாகப்பட்டினத்துக்குக் 'குலோத்துங்க சோழப் பட்டினம்' என்ற பெயரும் அவன் காலத்தில் இருந்தது. நெல்லும் நிலமும் மட்டுமில்லை, துறைமுகமும் அவன் கண்ணில் இருந்தது.

நம் ஊரே 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்ததுதானே. அதனால் எல்லை தாண்டி இன்னொரு சாட்சியையும் பார்க்கலாம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி. அங்கே காகதீய கணபதி தேவன் 1244-45இல் ஒரு கல் தூண் நட்டான். 'அபய சாசனம்' என்று அதற்குப் பெயர். அதுவரை, புயலில் ஒதுங்கிய கப்பலின் சரக்கை அரசர்கள் மொத்தமாக அள்ளிக்கொள்வார்கள். உயிரைவிடப் பொருள் பெரிதென்று கடலேறும் வணிகனுக்கு இது அநியாயம் என்று, இனி முப்பதில் ஒரு பங்குதான் எடுப்போம் என எழுதி வைத்தான். மூன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். சந்தனம், கற்பூரம், முத்து என்று பொருள்வாரியான கட்டணமும் கல்லிலேயே இருக்கிறது.

அங்கே எனக்குப் பிடித்தது விகிதம் மட்டுமில்லை. கப்பல்காரன் கிளம்பும் முன்னாலேயே எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். வியாபாரியைக் கொல்வது தீர்வையைவிட நிச்சயமின்மைதான். ரோமின் நாலில் ஒரு பங்கைக் கட்டியும் மிளகு வணிகன் பிழைத்தான். ஏன்? அது முன்கூட்டியே தெரிந்த கணக்கு. ஒதுங்கிய கப்பலையே பறிகொடுத்தவன் பிழைக்கவில்லை.

பாதி விலை பில்லும் அதே நிச்சயமின்மைதான். மாட்டினால் சரக்கு பறிமுதல், அபராதம் வேறு. மோட்டுப்பள்ளிக்காரர்கள் எதிலிருந்து தப்பினார்களோ, அதற்குள் நாமே போய் விழுவதா?

தறிக்காரரிடம் இதைத்தான் சொன்னேன். கூடவே இரண்டு வழியும் சொன்னேன். ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்கே வாங்கினால், அந்த 1,949-ஐ உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போவது 825 மட்டும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிக்காரர்களோடு சேர்ந்து ஒரே சரக்காக வரவழைத்தால் கப்பல் கூலி தலைக்குக் குறையும். கூலி குறைந்தால் அதன் மேலான சுங்கமும் குறையும்.

"அப்போ ராஜா வந்து சுங்கத்தைத் தவிர்க்க மாட்டாரா?" என்று சிரித்தார்.

"வர மாட்டார். ஆனா பாதிக்கு மேல நீங்களே தவிர்த்துக்கலாம், கணக்கு நேரா இருந்தா" என்றேன். அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவரிடம் அன்று சாயங்காலமே பேசிவிட்டாராம்.