தாய்வீடும் தந்தைவழியும்: இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி மக்களும்

குடியுரிமை என்று தமிழகத்தார் வழங்குவதனை இலங்கைத் தமிழர் பிரசாவுரிமை என்று நெடுங்காலம் வழங்கி வந்துள்ளனர். ‘பிரஜா’ என்னும் வடசொல்லுக்கு மகவு, வழித்தோன்றல் என்பதே முதற்பொருள். ஆளப்படும் மக்கள் என்பது அதனின்றும் விரிந்த பொருள். தமிழ்க் ‘குடி’யோ இருபாலும் நிற்பது. குடிப்பிறப்பு என்னும்பொழுது மரபினையும், குடியிருப்பு என்னும்பொழுது வாழுமிடத்தினையும் அது சுட்டும். ஒருவன் ஒரு நாட்டிற்கு உரியவனாதல் பிறந்த மண்ணாலோ, பெற்றோர் வழியாலோ, வாழ்ந்த வாழ்வாலோ என்னும் வினாவிற்கு 1948-ஆம் ஆண்டில் இலங்கை ஒரு விடை கூறிற்று. அவ்விடை, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியினின்றும் மலைத்தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்களை எவ்வாறு பற்றியது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் தோன்றியது. அரியலூர் இறுதியாகத் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007-இல். குடிப்பெயர்வு நிகழ்ந்த காலத்தில் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. கொள்ளிடக்கரை நீங்கலாக ஏனைய நிலம் பெரிதும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் கங்காணியின் முன்பணம் ஊருக்குள் எளிதில் நுழைந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை மாவட்டங்களும் புதுக்கோட்டையுமே தோட்டங்களுக்கு ஆள் தந்த முதன்மையான நிலப்பகுதிகள். தொடக்கத்தில் நடந்தும் தோணியேறியும் சென்றவர்கள், 1914-இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறந்த பின்னர்ப் புகைவண்டியிலும் கப்பலிலும் சென்றனர். கங்காணி அயலான் அல்லன். பெரும்பாலும் அவ்வூரான், சில வேளைகளில் உறவினன். அவனுக்குப் பட்ட கடன், ‘துண்டு’ என்னும் சீட்டில் ஏறித் தோட்டத்திற்குத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது. 1921-இல் துண்டு ஒழிக்கப்பட்டது. துண்டுச் சீட்டினால் மனிதனை அளக்கும் வழக்கம் மட்டும் ஒழியவில்லை என்பதனைப் பின்வருவன காட்டும்.

இப்பெயர்வு ஒருமுறை சென்று முடிந்த பெயர்வன்று. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோர் பெண் கொள்ளவும் கொடுக்கவும், குலதெய்வ வழிபாட்டிற்கும் ஊர் வந்து மீண்டனர். தலைப்பிள்ளைப் பேற்றிற்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கமும் கடல் கடந்து தொடர்ந்தது. இவ்வழக்கத்தினைச் சட்ட வரலாறு எழுதுவோர் பெரிதும் கருதுவதில்லை. யாம் இதனையே இக்கட்டுரையின் நடுவாகக் கொள்கின்றோம்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர்; இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தொண்டமான் உள்ளிட்டோர் நாடாளுமன்றம் புகுந்தனர். மறு ஆண்டு, டி. எஸ். சேனநாயக்காவின் அரசு 18-ஆம் எண் பிரசாவுரிமைச் சட்டத்தினை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1948 நவம்பர் 15. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரசையாதற்கு, அவன் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் ஆகிய இருவரும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தன் பிறப்பு மட்டும் போதாது. தாயின் பிறப்பு கணக்கிற்கே வாராது.

ஓர் எடுத்துக்காட்டு வகுத்துக் காண்போம். 1915 அளவில் உடையார்பாளையம் வட்டத்தினின்றும் ஓர் இளைஞன் ஹட்டன் மலைக்குச் சென்றான் என்க. அவன் மனைவி தலைப்பிள்ளைப் பேற்றிற்குப் பெரம்பலூர்ப் பக்கத்திலுள்ள தாய்வீடு வந்தாள்; ஆண்மகவு பிறந்தது; சில திங்களில் மகவுடன் தோட்டத்திற்கு மீண்டாள். இரண்டாம் மகன் தோட்டத்து லயத்திலேயே பிறந்தான். இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே மலையில் கொழுந்தும் கவ்வாத்துமாக உழைத்து, அங்கேயே மணந்து மக்களைப் பெற்றனர். சட்டத்தின்படி இளையவன் மக்கள் இலங்கைப் பிரசைகள். மூத்தவன் மக்களோ அல்லர். அவர்தம் தந்தை பிறந்தது கடலுக்கு இப்பால். பாட்டன் பிறந்ததும் இப்பாலே. ஒரு பெண் தன் தாயின் மடியில் பிள்ளை பெற விரும்பிய விருப்பம், முப்பது ஆண்டு கழித்து அவள் பேரர்களை நாடற்றவர் ஆக்கிற்று. இளையவன் மக்களேனும் தப்பினரோ எனின், தந்தையின் பிறப்புச் சான்று காட்டினாலன்றித் தப்புதல் அரிது. சான்றில்லாத சிங்கள உழவரும் பலர் இருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை.

தவறியோர்க்கு 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவோர் சட்டம் ஒரு வழி காட்டியது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் 1946-க்கு முன் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே 1949-இல் பிரசைகளுக்கே வாக்கு என்னும் தேர்தல் திருத்தமும் வந்தது.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)-ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் இயற்றலாகாது என்றிருந்தது. அதனை நம்பி, உருவன்வெல்லை வாக்காளர் பட்டியலில் தம் பெயர் சேர்க்கப்பெறல் வேண்டும் எனக் கோடாக்கன் பிள்ளை வழக்காடினார். பட்டியலை ஆய்ந்த அலுவலர் சட்டம் செல்லாது என்றார். 1951-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது; 1953-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், தன் மக்கள் யாவர் என வரையறுத்தல் சட்டமன்றத்தின் இயல்பான உரிமை எனக் கொண்டு சட்டத்தினை நிலைநிறுத்தியது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்பது மெய்யே. ஆயினும் தந்தை, பாட்டன் எனத் தலைமுறை எண்ணும் சட்டம் அண்மைக் காலத்தில் வந்தோரையே குறிவைக்கும் என்பதனை அறிய நுண்ணறிவு வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவுதானும் இடம்பெறவில்லை.

பின்னர் மக்கள் எண்களாயினர். 1964 அக்டோபர் 30-இல் சிரிமாவோ, சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் செம்பாதியாக்கினர். நான்கு இலட்சத்திற்கு மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். தாயகம் என்னும் சொல்லை இவ்விடத்து எழுதுங்கால் எம் எழுதுகோல் சற்றே தயங்குகின்றது. அவருட் பலர் இம்மண்ணை முன்பு கண்டவரல்லர். 1984-இல் கப்பல் நின்றது. பலர் அங்கேயே தங்கினர். 1964 முதல் அங்கு வாழ்வோர்க்கும் அவர் வழியினர்க்கும் இலங்கை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை அளித்தது.

இனி நம் நாட்டினை நோக்குவாம். அரசியல் நிருணய சபையில் 1947 ஏப்ரலில் இப்பொருள் எழுந்தபொழுது, வல்லபாய் பட்டேல் பிறப்பால் வரும் குடியுரிமையைப் பரந்த நோக்குடன் வகுக்க வேண்டும் என வாதிட்டார். 1949 ஆகத்தில், இவ்வரையறை இந்தியக் குடியுரிமையை மலிவாக்கிவிடும் எனத் தேஷ்முக் எதிர்த்தார். முடிவில் அரசியலமைப்புத் தொடக்க நிலையினை மட்டும் வகுத்து, பின்வருவனவற்றை 11-ஆம் உறுப்பால் நாடாளுமன்றத்திடம் விட்டது. ஆதலின் பிற்கால மாற்றங்களுக்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டப்படவில்லை. அமெரிக்காவில் அவ்வாறன்று. 1868-இன் பதினான்காம் திருத்தம் பிறப்புரிமையை அரசியலமைப்பிலேயே பொறித்தது. 2025 சனவரியில் குடியரசுத் தலைவர் ஆணையொன்றால் அதனைக் குறுக்க முற்பட்டபொழுது நீதிமன்றங்கள் அவ்வாணையைத் தடுத்தமைக்கு இதுவே காரணம். 1955-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இங்குப் பிறந்தார் அனைவரையும், சிறு விலக்குகள் நீங்கலாக, குடிமக்களாகக் கொண்டது. 1987 சூலை முதல் பெற்றோருள் ஒருவர் குடிமகனாதல் வேண்டும் என்றாயிற்று. 2004 திசம்பர் முதல் மற்றவர் சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியவர் அல்லாதிருத்தலும் வேண்டும் என்றாயிற்று. தாயையும் கணக்கிற் கொண்டமையால் நம் சட்டம் 1948-இன் இலங்கைச் சட்டத்தினும் மென்மையானது. எனினும் மண்ணினின்றும் வழிக்குச் சென்ற திசை ஒன்றே.

இதன் பயனைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெரம்பலூர் நகரை ஒட்டிய துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. இத்தகைய முகாமொன்றில் 1986-இல் பிறந்த மகவு பிறப்பாலேயே இந்தியக் குடிமகவு. உயர் நீதிமன்றமும் 2022-இல் ஒரு வழக்கில் அவ்வாறே கொண்டது. பெற்றோர் இருவரும் குடிமக்களல்லராயின், 1988-இல் பிறந்த அதன் தம்பி குடிமகன் அல்லன். மேலே யாம் வகுத்த அண்ணன் தம்பியர் இங்கு இடம் மாறி நிற்கின்றனர். 1983-க்குப் பின் புகலடைந்தோருள் இம்மாவட்டங்களினின்றும் முன்பு சென்ற தோட்டத் தொழிலாளர் வழியினரும் கலந்துள்ளனர். திருச்சிராப்பள்ளிக் கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்தோர் உள்ளிட்ட அத்தகையோர் தொடுத்த வழக்கில், 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் விண்ணப்பங்களை நடுவணரசு பரிவுடன் ஆராய்தல் வேண்டும் எனப் பணித்தது. அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தானம் ஆகிய மூன்று நாடுகளினின்றும் வந்தோரையே குறித்தது. இலங்கை அதனுள் இல்லை.