சென்னைக் கார்களின் மேனியில் படிந்தவை

மோட்டார் வாகனத்தின் வண்ணப்பூச்சின் மேல் சேர்வனவற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவினால் நீங்கிவிடும் தூசியும் சேறும் ஒரு வகை, பூச்சோடு ஒட்டிக்கொண்டு, கழுவித் துடைத்த பின்னும் விரல் நுனிக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும் இரும்புத்துகள், தார்ப்புள்ளி, மரக்கசிவு, உப்புக்கறை, சிமெண்டுத் தெறிப்பு ஆகியவை மற்றொரு வகை. இரண்டாம் வகையை மேற்படிவு என்று அழைக்கலாம். அதை நீக்குவதற்கென்றே விற்கப்படும் பொருள்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் வந்தவை. அவை ஏன் தேவைப்பட்டன என்பதை அறிய, பூச்சு எப்படி மாறியது, நகரம் அதன்மேல் எதையெல்லாம் தூவியது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மதராஸில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளைக் கட்டியது. 1903இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். அக்கால மோட்டார் வண்டியின் உடல் வேலையும் வண்ண வேலையும் எங்குமே குதிரை வண்டித் தொழிலிலிருந்து வந்தவைதான். நிறப்பொடி கலந்த ஆளிவிதை எண்ணெயைப் பல படலங்களாகப் பூசி, ஒவ்வொரு படலமும் காய்ந்தபின் நுரைக்கல் கொண்டு தேய்த்துச் சமப்படுத்தி, இறுதியாக வார்னிஷ் ஏற்றும் அந்த வேலைக்கு வாரக்கணக்கில் நாள் பிடித்தது. வார்னிஷ் மென்மையானது, சேறு அதன்மேல் காய்ந்துவிட்டால் பளபளப்பு மங்கிவிடும். ஆகவே வண்டி திரும்பியதும் நிறையத் தண்ணீர் ஊற்றிச் சேற்றை ஓடவிட்டு, பதனிட்ட மென்தோலால் ஈரத்தை ஒற்றி எடுப்பதே முறையாக இருந்தது. லாயத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவிகூட வார்னிஷைக் கெடுக்கும் என்பதால், வண்டிக் கொட்டகையை லாயத்திலிருந்து தள்ளி அமைக்க வேண்டும் என்பது அத்தொழிலில் விதியாகவே இருந்தது. தேய்க்காதே, ஓடவிடு என்ற அந்தப் பழைய நெறி பின்னாளில் மறக்கப்பட்டது வியப்புக்குரியது.

மறதிக்குக் காரணம் பூச்சின் மாற்றமே. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 1923இல் வெளியிட்ட டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அதாவது பருத்தி போன்ற தாவர நாரை நைட்ரிக் அமிலத்தோடு வினைப்படுத்திச் செய்த விரைவில் உலரும் பூச்சு, வாரக்கணக்கான வேலையை நாள்கணக்காகச் சுருக்கியது. ஆனால் வெயிலில் அது சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்துப்போகும். மேல்தோலைத் தேய்த்து எடுத்தால்தான் அடியிலுள்ள புதிய நிறம் தெரியும். பின்னர் வந்த சிந்தெடிக் எனாமலும் சென்னை வெயிலுக்கு முற்றிலும் தப்பவில்லை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் தயாரானபோதும், அம்பாசிடரும் பியட்டும் தெருக்களை ஆண்ட காலத்திலும், கார் வைத்திருப்போர் அறிந்த மருந்து ஒன்றுதான்: ரப்பிங் காம்பவுண்ட். நுண்ணிய உரைபொருள் கலந்த இப்பசையைப் பனியன் வேஸ்ட் எனப்படும் திருப்பூர்க் கழிவுத்துணியில் எடுத்து, டிங்கரிங் பட்டறைகளில் பையன்கள் மணிக்கணக்கில் தேய்த்தார்கள். தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய், மற்ற எல்லாவற்றுக்கும் காம்பவுண்ட் என்று காரியம் நடந்தது. அழுக்கோடு பூச்சும் சேர்ந்து போனது. பூச்சு தடிமனாக இருந்ததாலும், தேய்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்பதாலும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவும் (1998) மறைமலைநகரில் ஃபோர்டு ஐகானும் (1999) வெளிவந்த காலத்தில் இந்த வழக்கம் ஆபத்தாக மாறியது. உலோக மினுக்குடைய நிறங்களின்மேல் நிறமற்ற ஒரு தெளிபூச்சை ஏற்றும் முறை அப்போது பரவிக்கொண்டிருந்தது. பளபளப்பும் வெயிலைத் தாங்கும் ஆற்றலும் அந்தத் தெளிபூச்சிடமே உள்ளன. தகட்டின் மேலுள்ள மொத்தப் பூச்சும் சுமார் 100 முதல் 120 மைக்ரான். அதில் தெளிபூச்சு 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், ஹெரால்டு காலத்துக் கைவேகத்தில் சில முறை காம்பவுண்ட் போட்டாலே அந்தக் கவசம் கரைந்துவிடும். படிவை மட்டும் எடுத்து, பூச்சை விட்டுவைக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி ஜப்பானிலிருந்து வந்தது. தடாவோ கொடாட்டே என்பவர் வகுத்த அப்பொருளுக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குழைந்து வளையும் சாணைக்கல் என்பதே அந்த ஆவணத்தின் வருணனை. இன்று டீடெய்லிங் களிமண், கிளே பார் என்ற பெயர்களில் விற்கப்படும் இதில் மண் கிடையாது. செயற்கைப் பிசினில் நுண்ணிய உரைபொருளைக் கலந்து செய்தது. சோப்புநீரில் வழுக்கவிட்டு இழுக்கும்போது, சமமான பரப்பின்மேல் அது நழுவிச் செல்லும். பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் துகளில் மட்டும் தட்டி, அதைப் பெயர்த்துத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

சென்னையில் அது வாங்கிக்கொள்ள வேண்டியவை ஏராளம். கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அன்று முதல் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசிச் சிந்தும் இரும்புத்தூள் காற்றில் கலந்துவருகிறது. 1997இல் திருமயிலை வரையும் 2007இல் வேளச்சேரி வரையும் நீண்ட பறக்கும் ரயில், மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர் எனப் புதிய தெருக்களை இந்தக் கணக்கில் சேர்த்தது. காரின் சொந்த பிரேக்கும் இதே தூளை உமிழ்கிறது. சூடான துகள் பூச்சில் பதிந்து, கடற்காற்றின் உப்பிலும் ஈரத்திலும் துருப்பிடித்து, வெள்ளைக் காரில் செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. இதைக் கரைக்கத் தயோகிளைகோலேட் என்னும் வேதிப்பொருள் பயன்படுகிறது; 1940களில் கூந்தலைச் சுருளாக்கப் பயன்பட்ட அதே வகை உப்பு இது. இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாகி வழியும், அழுகிய முட்டையின் வாடையும் வீசும்.

அடையாறு காந்தி நகரிலும் தியாகராய நகரின் பழைய சாலைகளிலும் நிழலைத் தேடி நிறுத்துவோருக்கு மரங்கள் வேறு கணக்கை வைத்திருக்கின்றன. தூங்குமூஞ்சி மரத்தின் கீழ் நிற்கும் காரில் விழும் பிசுபிசுப்பில் பெரும்பகுதி மரத்தின் பால் அல்ல. சாற்றை உறிஞ்சும் பூச்சிகளின் இனிப்பான கழிவு. அதன்மேல் கரும்பூஞ்சை வளரும். காகத்தின் எச்சமோ வெயிலில் இளகிய பூச்சைக் கடித்து, தழும்பாகவே நின்றுவிடும். களிமண் தழும்பை நீக்காது. 2020இல் தொடங்கிய மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி லஸ், பனகல் பூங்கா வட்டாரங்களில் சிமெண்டுத் தூசியைச் சேர்த்தது. காரத்தன்மையுள்ள அது பனியில் நனைந்து இறுகினால் களிமண்ணுக்கும் எளிதில் அசையாது, நீர்த்த வினிகர் கொண்டு ஊறவைத்தே இளக்க வேண்டும்.

வழிபாடும் தன் பங்கைச் செலுத்துகிறது. பல்லவன் சாலையிலுள்ள பாடிகார்டு முனீஸ்வரர் கோவிலில் புது வண்டிக்குப் பூசை போடுவது நகரத்தின் பழக்கம். ஆயுத பூசையன்று எல்லா வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும், மலிவான குங்குமத்தின் சாயத்தை வாரக்கணக்கில் வெயிலில் விடுவதும் பூச்சுக்குக் கேடு. பொட்டை அன்று மாலையே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுவதால் பக்தி குறைந்துவிடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலான தீங்கு, அடுக்கக வளாகங்களில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பல கார்களைத் துடைத்து, ஒன்றின் மணலால் மற்றொன்றைக் கீறும் மாதச் சம்பள முறையிலிருந்து வருகிறது. குற்றம் துடைப்பவருடையது அல்ல. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த ஊரில் காருக்கு இரண்டாவது வாளி கேட்பது எளிதன்று. தண்ணீரின் தன்மையும் ஒரு சிக்கல்: பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளின் உவர்ப்பான போர் தண்ணீர், துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வளையத்தை விட்டுச்செல்கிறது. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொட்டிகளில் நிறைந்த கூரைநீர், உப்புக் குறைந்தது என்பதால் கடைசி அலசலுக்கு மிகவும் ஏற்றது. இதை எண்ணிப் பார்த்தவர் குறைவு.

இன்று அண்ணா சாலையை அடுத்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கார் பராமரிப்புப் பொருள்கள் கிடைப்பதால், வீட்டு வாசலிலேயே இவ்வேலையைச் செய்வோர் பெருகியுள்ளனர். அவர்கள் கொள்ள வேண்டிய வரிசை, முதலில் நிழலில் நிறுத்திக் கழுவுதல், பின்னர் தாரையும் இரும்பையும் கரைத்தல், மீண்டும் அலசுதல், அதன்பிறகே களிமண், முடிவில் மெழுகு என்பதாகும். ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் களிமண் தேவைப்படாது. தரையில் விழுந்த களிமண் துண்டு மணலைப் பற்றிக்கொண்டு பூச்சைக் கீறும். விலை எதுவானாலும் அதை எறிந்துவிட வேண்டும்.