புறக்கோள் ஆய்வில் தமிழகம்

சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் புறக்கோள் எனப்படும். இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புறக்கோள்கள் உறுதியாகியுள்ளன. தர்மபுரிக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்தும் இவை நோக்கப்படுகின்றன.

இத்துறையில் தமிழகத்தின் தொடர்பு மிகப் பழையது. 1855இல் சென்னை வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதை கணக்கோடு ஒட்டாததைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோளொன்றின் ஈர்ப்பு காரணமாகலாம் என எழுதினார். இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதியாகவில்லை. ஆனால் அவர் பிடித்த வழி சரியானது. 1995இல் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனின் மெல்லிய ஆட்டத்தை அதன் நிறமாலையில் அளந்தே அதன் கோளைக் கண்டனர். 2019இல் நோபல் பரிசும் பெற்றனர்.

மற்றொரு வழி, கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி குறைவதை அளப்பது. வியாழன் அளவுள்ள கோள் சூரியன் போன்ற விண்மீனைக் கடந்தால் ஒளி சுமார் 1% குறையும். பூமி அளவுள்ளதென்றால் 0.01% கூடக் குறையாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யா குழுவினர் இதே போன்ற மங்கலைப் பதிவு செய்தனர். அதற்குக் காரணம் யுரேனஸின் வளையங்கள். அவர் பெயர் தாங்கிய 1.3 மீட்டர் தொலைநோக்கியும் லடாக்கின் ஹான்லே தொலைநோக்கியும் பின்னாளில் ஐந்து புறக்கோள்களின் கடப்புகளை அளந்தன.

இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயு, தூசி வட்டில் கோள்கள் உருவாகின்றன. தூசித் துகள்கள் ஒட்டிப் பாறைகளாகி, மோதிப் பெரிதாகின்றன. கருவொன்று பூமியைப் போல் சுமார் பத்து மடங்கு நிறை எட்டினால் வாயுவை வேகமாக இழுத்துப் பெருங்கோளாகும். வட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடுவதால் அதற்குள் இது முடிந்தாக வேண்டும். 2018இல் சிலியிலிருந்து பிடி‌எஸ் 70 விண்மீனின் வட்டுக்குள் வளரும் கோள் ஒன்று நேரடியாகப் படமெடுக்கப்பட்டது.

இந்த விளக்கத்துக்குச் சவாலாக நிற்பவை விண்மீனை ஒட்டிச் சுழலும் வெப்ப வியாழன்கள். அவ்வளவு நெருக்கத்தில் பெருங்கோள் உருவாவது கடினம். தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பலரது கருத்து. காவலூர், ஹான்லே ஆய்வில் அடங்கிய ஐந்தில் ஒன்றான வாஸ்ப்-12பி, 1.1 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவருகிறது. அதன் பாதை சுருங்கிவருவதும் கடப்பு நேரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்ததால்தான் தெரியவந்தது.