அன்னம் என்று பெயர் வைத்தாலும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு விமானம் என்றால் 'அவியோன்'. லத்தீனில் பறவைக்கு 'அவிஸ்' என்று பெயர். அதிலிருந்து க்ளெமான் அதேர் என்ற பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சொல் அது. (அவர் முதலில் செய்த யந்திரம் பறவை மாதிரி இல்லை, வௌவால் மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.) விமானத்தில் பறவை மோதும் ஆபத்தை 'பெரில் அவியேர்' என்பார்கள். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்.

இப்போது நான் இருக்கும் நாட்றாம்பாளையத்தில் மலையும் காடும்தான். ஆனால் இதே மாவட்டத்தில், ஓசூர் பக்கம் பேளகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலையும் ஓடுதளமும் இருக்கின்றன. அந்த நிறுவனம் கட்டியவற்றில் ஒன்று 'ஹன்சா'. பறக்கும் பள்ளிகளுக்கென்று பெங்களூரில் உள்ள மத்திய அரசின் விமான ஆய்வுக்கூடம் வடிவமைத்த இரண்டு பேர் விமானம். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்தே 750 கிலோ. ஹன்சா என்றால் அன்னம்.

அன்னம் என்று பெயர் வைத்ததால் மற்ற பறவைகள் விலகிவிடுமா? பயிற்சி மாணவன் ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி, ஆயிரம் அடி உயரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பான். பருந்து வட்டமிடுவதும் அதே உயரம்தான். பெரிய ஜெட் விமானத்தின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்று விதி உண்டு. இந்த மாதிரிச் சின்ன விமானத்துக்கு அப்படி விதி கிடையாது. வேகம் குறைவு என்பது ஒன்றுதான் ஆறுதல். வேகம் பாதியானால் அடி கால்வாசியாகும். ஆனால் பறவையைக் கண்டு மிரண்டு, தரைக்குப் பக்கத்தில் சடாரென்று திருப்பி, வேகம் இழந்து விழுவது மோதலைவிட மோசம்.

எழுத்தில் பதிவான முதல் மோதல் 1905 செப்டம்பர் 7 அன்று நடந்தது. அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு வெளியே ஆர்வில் ரைட் வட்டமடித்துப் பழகிக்கொண்டிருந்தார். சோளக்கொல்லைப் பக்கம் ஒரு பறவைக் கூட்டத்தை அவரே துரத்தினார். ஒன்று அடிபட்டு மேல் இறக்கையில் விழுந்து கிடந்தது. விமானம் வளைந்து திரும்பியபோது நழுவிப் போனது. அவருக்கு ஆசிரியர் யார் இருந்தார்? அதுவும் பயிற்சிதான். வம்புக்குப் போனதும் பறவை அல்ல. அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்து பேர்பெற்ற கால்பிரெய்த் ரோஜர்ஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1912 ஏப்ரல் 3 அன்று லாங் பீச்சில் ஒரு கடற்காகம் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கி, விழுந்து இறந்தார்.

நம் நாட்டுக் கதை வேறு. 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் விமானத் தளங்களைச் சுற்றிப் பறவைகளை ஆராய்ந்தது. அன்று பெரிய பயம் பிணந்தின்னிக் கழுகு. ஐந்து கிலோ இருக்கும். செத்த மாட்டையும் இறைச்சிக் கழிவையும் திறந்த வெளியில் கொட்டினால் அது வராமல் என்ன செய்யும்? பிறகு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து கழுகுகளையே அழித்துவிட்டது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ராமநகரத்தில் (ஷோலே படம் எடுத்த மலைதான்) 2012இல் கழுகுக்கென்று சரணாலயமே அறிவிக்க வேண்டி வந்தது. கழுகு போனது, கழிவு போகவில்லை. அந்த இடத்துக்குப் பருந்து வந்தது.

அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் விதி எண் என்றால் எனக்குக் கண் அங்கே நிற்கும். 1937ஆம் வருஷத்து விமான விதிகளில் 91ஆவது விதி, விமானத் தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கிற மாதிரி மிருகங்களை அறுக்கவோ கழிவைக் கொட்டவோ கூடாது என்கிறது. எலகங்காவில் விமானக் கண்காட்சி வந்தபோது பெங்களூரு மாநகராட்சி இதை எடுத்துக்காட்டித்தான் இறைச்சிக் கடைகளை மூடச் சொன்னது. 2023இலும் 2025இலும் அப்படித்தான். கண்காட்சி முடிந்ததும் கடைகள் திறக்கின்றன, பருந்துகளும் திரும்பிவிடுகின்றன. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, கழிவை அள்ள வேண்டியது மாநகராட்சி. அதே வட்டத்துக்குள் ஜக்கூரில் அரசுப் பறக்கும் பள்ளி இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகளுக்காக யாரும் அறிவிப்பு ஒட்டுவதில்லை.