ஸ்ட்ராபெர்ரியில் லைகஸ் பூச்சியின் உயிரியல் கட்டுப்பாடு

கலிபோர்னியாவின் மத்தியக் கடற்கரையில் இயற்கை முறையில் ஸ்ட்ராபெர்ரி பயிரிடுவோருக்குப் பெருந்தொல்லை தருவது லைகஸ் ஹெஸ்பெரஸ் என்னும் நாவாய்ப்பூச்சி. பழத்தின் மேல் பதிந்திருக்கும் விதைகளில் இது வாயைச் செருகிச் சாறு உறிஞ்சும். விதை வளர்ந்தால்தான் அதைச் சுற்றியுள்ள சதையும் பருக்கும். விதை செத்த இடத்தில் சதை சுருங்கிப் பழம் கோணிப்போகும். ருசி கெடாவிட்டாலும் அந்தப் பழத்தைச் சந்தையில் வாங்க ஆளில்லை.

பூச்சியைப் பூச்சியால் அடக்கும் முயற்சி இம்மாநிலத்துக்குப் புதிதல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செதில் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, ஆல்பர்ட் கோபெல் அதே நாட்டிலிருந்து 1888-89இல் அனுப்பிய வெடாலியா பொறிவண்டுகள் தோட்டங்களை மீட்டன. லைகஸின் கதை வேறு. அதன் தாயகமே வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அதைக் கட்டுப்படுத்த உள்ளூர் ஒட்டுண்ணிகள் போதாமல், ஐரோப்பாவில் அதன் உறவினப் பூச்சிகளைத் தாக்கும் குளவிகளை ஆய்வாளர்கள் தேடிச் சென்றனர். இது துணிச்சலான வழி. அயல்நாட்டுக் குளவி தீங்கற்ற நாவாய்ப்பூச்சிகளையும் தாக்கலாம் என்ற அச்சம் நியாயமானதே.

முதல் வெற்றி, உறவின லைகஸ் பூச்சிக்கு எதிராக, நாட்டின் மறுகரையில் கிடைத்தது. பெரிஸ்டெனஸ் டிகோனியூடிஸ் என்ற குளவி 1984இல் நியூ ஜெர்சியின் குதிரைமசால் வயல்களில் நிலைகொண்டு, அங்கிருந்து வடகிழக்கு மாநிலங்களுக்குப் பரவியது. கலிபோர்னியாவில் மாநில வேளாண் துறையின் சார்லஸ் பிக்கெட் முதலியோர் 1998இல் சாக்ரமென்டோவில் குளவிகளை விடத் தொடங்கினர். சில ஆண்டுகளில் மான்டரே விரிகுடாப் பகுதியிலும் விட்டனர். அங்கே வேரூன்றியது பெரிஸ்டெனஸ் ரெலிக்டஸ் என்ற மற்றொரு குளவி. இதன் தாய்க்குளவி லைகஸின் இளம்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, இளம்பூச்சியைக் கொன்று வெளியேறி, மண்ணில் கூடு கட்டும்.

குளவியை விட்டால் மட்டும் போதாது, அது தங்க இடமும் வேண்டும். இந்த முறையின் உயிர்நாடி இதுதான். ஸ்ட்ராபெர்ரியைவிடக் குதிரைமசாலையே லைகஸ் விரும்பும். எனவே சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் ஷான் ஸ்வீசி குழுவினர், ஸ்ட்ராபெர்ரி வரிசைகளுக்கு நடுவே குதிரைமசாலைப் பொறிப்பயிராக நட்டு, டிராக்டரில் பொருத்திய பூச்சி உறிஞ்சியை அதன்மேல் மட்டும் ஓட்டச் செய்தனர். முன்பு வயல் முழுவதும் உறிஞ்சி ஓடியபோது லைகஸோடு நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்தே அழிந்தன. இப்போது பழ வரிசைகளில் அவை பிழைத்தன. குதிரைமசாலோ குளவிக்கும், லைகஸை இரையாக்கும் பெருங்கண் நாவாய்ப்பூச்சி, சிலந்தி போன்றவற்றுக்கும் புகலிடமாயிற்று. இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்ட பைரித்ரின் தெளிப்பும் குளவியைக் கொல்லும் என்பதால், குதிரைமசால் வரிசைகளில் அதைத் தவிர்ப்பதே சரி.

குளவிகளை விட்ட இடங்களைச் சுற்றி லைகஸ் இளம்பூச்சிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் வளர்ந்த லைகஸைக் குளவி தொடுவதில்லை. மழைக்காலம் முடிந்து காட்டுக் கடுகும் காட்டு முள்ளங்கியும் காயும்போது, அவற்றில் வளர்ந்த லைகஸ் கூட்டம் வயலுக்குப் பறந்து வரும். அதனால் உறிஞ்சியின் வேலை இன்னும் ஓயவில்லை.