தேர்ச்சிப் பதிவேடு சொல்லும் வரலாறு

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் எண்ணி நாம் பெருமை கொள்கிறோம். அப்பெருமை முறையானதே. ஆயினும், நம் தெருவில் அவர்களோடு ஒன்றாகப் பள்ளிக்குச் சென்று, இடையிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளையும் இவ்வேளையில் நினைத்துப் பார்த்தல் நம் கடமையாகும். அவர்கள் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், எந்த எழுத்தில் அல்லது எந்தக் கணக்கில் தடுக்கி நின்றார்கள் என்பதை அன்று எவரேனும் குறித்து வைத்தனரா? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

என் தந்தையார் கையெழுத்து அறியாதவர். நான் தொடக்கப் பள்ளியில் பயின்ற நாளில், பள்ளியில் தரும் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பத்திற்கென விடப்பட்ட இடத்தில் அவர் கைநாட்டு வைப்பார். வைக்குமுன், "எல்லாம் சரியாக இருக்கிறதா, ஐயா?" என்று என்னையே கேட்பார். நானும் "சரியாக இருக்கிறது, அப்பா" என்பேன். கணக்கில் நான் பின்தங்கியிருந்த ஆண்டிலும் அதே விடையைத்தான் சொன்னேன். அட்டையில் எண் இருந்தது; அந்த எண்ணின் பொருள் என் வீட்டை வந்து அடையவில்லை. நம் சமுதாயத்தில் இது என் ஒருவனுடைய கதையன்று.

திண்ணையும் ஏடும்

பழைய திண்ணைப் பள்ளிகளில் இன்றுள்ளது போன்ற வகுப்புப் பிரிவு இல்லை. பிள்ளை முதலில் மணலில் எழுதிப் பழகும். அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி எனப் படிப்படியாக முன்னேறும். ஒரு சுவடியை முடித்த பின்னரே அடுத்த சுவடி கைக்கு வரும். முன்னே சென்ற மாணவனான சட்டாம்பிள்ளை, பின்னே வருபவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். மனப்பாடமும் பிரம்பும் மிகுந்த கல்வி அது. எனினும், இந்தப் பிள்ளை இன்று எந்த ஏட்டில் நிற்கிறான் என்பது அண்ணாவிக்குத் தெரியும்.

சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் மகன்களுக்கான அநாதை இல்லப் பள்ளியில் 1789ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நாட்டுப் பள்ளிகளில் கண்ட மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரால் பரவியது. சென்னையின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்ற அத்திண்ணையில், நம் முன்னோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இருந்ததில்லை என்பதை மறத்தலாகாது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். 1826ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் காட்டப்பட்டனர். எத்தனை பேர் படிக்கின்றனர், அவர்கள் எந்தச் சாதியார் என்பதை அக்கணக்கு சொன்னது. ஒரு பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதைச் சொல்வது அதன் நோக்கமாக இருக்கவில்லை. தலையை எண்ணுவது வேறு; கல்வியை அளப்பது வேறு.

தேர்ச்சிக்கு ஏற்ற மானியம்

கல்வியை அளக்கும் முயற்சி பணத்தோடு சேர்ந்தே வந்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஆய்வாளர் பள்ளிக்கு வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கு மானியம் கிடைக்கும். அதே முறை 1860களில் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழுவும் தொடக்கக் கல்விக்கு இம்முறையை ஆதரித்தது. பின்னர், கர்சன் பிரபு காலத்தில், 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தை ஒட்டி இது கைவிடப்பட்டது.

இம்முறையில் நேர்ந்த தீங்கை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் வயிற்றுப்பாடு ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் சோதனையைச் சார்ந்திருந்தால், அவர் எந்தப் பிள்ளையின் மேல் கருத்துச் செலுத்துவார்? தேறக்கூடிய பிள்ளையின் மேல்தான். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வயலுக்குச் சென்று, பத்து நாள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை அவருக்குச் சுமையாகிறான். அளவுகோல் பிள்ளைக்கு உதவும் கருவியாக அமையாமல், பிள்ளையைக் கழித்துவிடும் சல்லடையாக மாறியது.

நமக்கெனத் திறந்த பள்ளிகள்

நம் மக்களின் கல்வி வரலாற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஒரு திருப்புமுனையாகும். 1891இல் இரட்டைமலை சீனிவாசனார் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893இல் பஞ்சமர் என அன்று அரசு ஏடுகளில் குறிக்கப்பட்ட நம் மக்களின் கல்விக்கென அரசாணை பிறந்தது. 1894இல் அடையாறுப் பகுதியில் கர்னல் ஆல்காட் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து வேறு சில பள்ளிகளும் எழுந்தன. 1919ஆம் ஆண்டையொட்டி அமைந்த தொழிலாளர் துறை, நம் மக்களுக்கான பள்ளிகளை நடத்தும் பொறுப்பை ஏற்றது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்களும் எழுதிய எம்.சி. ராசா அவர்கள், 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் நம் பிள்ளைகளின் கல்விக்காக ஓயாது குரல் கொடுத்தார்.

கதவு திறந்தது, பிள்ளைகள் உள்ளே சென்றனர். ஆனால் உள்ளே சென்றவர் எத்தனை பேர் மேலே ஏறினர்? நாடு முழுவதற்கும் பொருந்தும் இக்கேள்விக்கு 1929ஆம் ஆண்டு வெளிவந்த ஹார்டாக் குழுவின் அறிக்கை விடை தந்தது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளுக்கு, 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தோர் 18 பேரே! பள்ளியை முடிக்குமுன் நின்றுவிடுவதை 'விரயம்' என்றும், ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிடுவதை 'தேக்கம்' என்றும் அவ்வறிக்கை பெயரிட்டது.

தேக்கம் என்ற சொல்லின் பின்னே இருக்கும் வாழ்க்கையை நாம் அறிவோம். பதிவேட்டில் 'தவறினான்' என்று ஆசிரியர் எழுதினார். எதில் தவறினான் என்று எழுதவில்லை. மறு ஆண்டும் அதே வகுப்பு, அதே பாடம், அதே சொல். மூன்றாம் ஆண்டில் தந்தை, "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று சொல்லி மாடு மேய்க்க அனுப்பினார். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்ன அச்சொல்லை, பிறகு ஊரார் ஒரு சமுதாயத்தின் மேலேயே சுமத்தினர். கற்பித்தலில் நேர்ந்த குறை, பிறப்பில் நேர்ந்த குறையாகப் பேசப்பட்டது.

தவறியோர் மறைந்தனர், குறை மறைந்ததா?

விடுதலைக்குப் பின் நிலைமை பெரிதும் மாறியது. 1956இல் பெருந்தலைவர் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிவுற்ற சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. 1990களின் தொடக்கத்தில், மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய பாடங்களில் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை அடைய வேண்டிய குறைந்தபட்சக் கற்றல் அளவுகளைத் தவே குழு வகுத்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழகமெங்கும் பரவியது. அதில் பிள்ளை ஏணிப்படியில் தன் இடத்தைத் தானே கண்டு, ஓர் அட்டையை முடித்து அடுத்த அட்டைக்குச் சென்றது. பழைய திண்ணையில் இருந்த நல்ல கூறு ஒன்று, இம்முறை நம் பிள்ளைகளுக்கும் உரியதாய்த் திரும்பி வந்தது எனலாம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்புவரை எவரையும் தேக்கி வைக்கலாகாது என்றும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றும் அது விதித்தது. 2012-13 முதல் தமிழகத்தில் முப்பருவ முறையும், வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும் வந்தன. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. அடுத்த மாதமே பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினர். அந்த இழப்பை ஈடுசெய்யவே 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிறந்தது. அது தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்தது.

தேக்கி வைக்கும் கொடுமை ஒழிந்தது நமக்கு நன்மையே. அதை மீண்டும் கொண்டுவரச் சொல்வோர், முதலில் வெளியேறப் போவது எவர் வீட்டுப் பிள்ளை என்பதை எண்ண வேண்டும். எனினும், பணியில் நான் கண்ட ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. ஆண்டுதோறும் தேர்ச்சி பெற்றவள். அவளுக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தை வாசிக்க வரவில்லை. அன்று 'தவறினான்' என்ற ஒரு சொல் செய்த வேலையை இன்று 'தேர்ச்சி' என்ற ஒரு சொல் செய்துவிடக்கூடும். இரண்டுமே பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்வதில்லை.

அச்சிறுமியைக் 'கணக்கு வராதவள்' என்றே எல்லாரும் கூறினர். வாழ்க்கைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன்; விழித்தாள். அதையே நான் வாய்விட்டு வாசித்தேன். விரல்விட்டு எண்ணி உடனே விடை சொன்னாள். அவளுக்குக் கணக்கு தெரியும்; கணக்கை வாசிக்கத் தெரியாது. கணக்கு ஏட்டில் காணப்பட்ட குறையின் வேர் தமிழில் இருந்தது. பாடங்களைத் தனித்தனியே பார்த்திருந்தால் இது புலப்பட்டிராது. கொம்பும் காலும் சேர்ந்த 'கொ', 'போ' போன்ற எழுத்துகளில் அவள் தடுமாறினாள் என்பதைக் கண்டு, அங்கிருந்து தொடங்கினோம். அவ்வாண்டு முடியுமுன் அவள் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள்.

நாம் செய்யத்தக்கது

நம் சங்கத்தின் மாலைப் படிப்பகங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு தொடங்குவோம். படித்த இளைஞர் ஒருவர் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். மாதம் ஒருமுறை, நாளைக் குறித்து, பாடவாரியாக எழுதட்டும்.

தமிழில், முந்தைய வகுப்புப் பாடத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தடுமாறிய எழுத்துகளைக் குறிக்க வேண்டும். பத்துச் சொற்களைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். ர, ற, ல, ள, ழ, ந, ன, ண மயக்கம் அங்கே தெரிந்துவிடும். கணக்கில், விடை தவறு என்று மட்டும் எழுதாமல், தவறிய வழியைக் காண வேண்டும். 52இல் 28ஐக் கழித்து 36 என்று எழுதும் பிள்ளை கவனமின்மையால் அவ்வாறு எழுதவில்லை. எங்கும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறான். இடமதிப்பும் கடன் வாங்கிக் கழித்தலும் அவனுக்கு விளங்கவில்லை என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில், எழுத்தின் பெயரைச் சொல்வதோடு அதன் ஒலியையும் அறிவானா எனப் பார்க்க வேண்டும். சூழ்நிலையியலில், முதலில் வாயால் சொல்லச் சொல்லி, பிறகு எழுதச் சொல்ல வேண்டும். ஏரி, நாற்று, ஆடு, மழை பற்றி நம் பிள்ளைகள் அறிந்தது மிகுதி; தாளில் வருவது குறைவு. அவ்விடைவெளி அறிவின் குறையன்று, எழுத்துப் பழக்கத்தின் குறை.

அக்குறிப்பேட்டில் தர வரிசை வேண்டா. ஒரு பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடலாகாது. சென்ற மாதத்து அவனோடு இம்மாதத்து அவனை ஒப்பிட்டால் போதும். கற்றுக்கொண்டதையும் தவறாது எழுத வேண்டும். வகுப்பாசிரியரிடம் அதைப் பணிவோடு காட்டி, அவரது கருத்தையும் கேட்க வேண்டும். ஆசிரியரைக் குறை கூறுவதற்கன்று, அவருக்குத் துணை நிற்பதற்கே அந்த ஏடு.

அனைத்துக்கும் மேலாக, அதைத் தாய் தந்தையருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு வைப்போராயினும், "உங்கள் மகள் இம்மாதம் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டாள், வாசிப்பதில் இன்னும் இரண்டு எழுத்துகள் தடுமாறுகின்றன" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காமல் போகாது. என் தந்தையாருக்கு அவ்வாறு சொல்லியிருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும். அவர் என்னைத்தான் கேட்டார், நான்தான் சொல்லவில்லை.

நம் பிள்ளைகள் எவ்வளவு கற்றனர் என்பதை இருநூறு ஆண்டுகளாகப் பிறர் எழுதினர். பல வேளைகளில் எழுதாமலும் விட்டனர். இனி அந்த ஏட்டை நாமும் எழுதுவோம். அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில், இடையில் நின்றுவிட்ட பிள்ளை என ஒருவரும் நம் தெருவில் இல்லாதிருக்க உழைப்போமாக!