மலைவீட்டில் ஒரு குடம் கடல்



கேமரன் மலைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த நம்மவர் கடலைத் தாண்டி வந்தவர்களே ஆயினும், மலையேறிய பின் அதனை மறந்துவிட்டோம். ஆனால் பகாங் மாநிலப் படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே நம் தேயிலைச் சரிவுகள். கிழக்கே, தென்சீனக் கடலில் தியோமான் தீவு. அத்தீவின் பவளப் பாறைகளில், கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவே கோமாளி மீன் குடியிருக்கிறது. இவ்விரண்டையும் மலைவீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சேர்த்து வளர்க்க முடியுமா? முடியும். சேர்த்துத்தான் வளர்க்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பழைய வரலாற்றில் விடை தேடுவோம்.

ஸ்காட்லாந்தில் சர் ஜான் டாலியெல் என்றோர் அறிஞர் இருந்தார். 1828-இல் கடற்கரையில் எடுத்த ஒரு கடற்சாமந்தியை எடின்பரோவில் கண்ணாடிச் சாடியில் வைத்து வளர்த்தார். அதற்கு வேண்டிய கடல்நீரை ஆள் வைத்துச் சுமந்துவரச் செய்தார். 1851-இல் அவர் இறந்தார், சாமந்தி இறக்கவில்லை. கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. அதற்கு 'பாட்டி' என்றே பெயர் வழங்கிற்று! அது மீனுக்கு இடங்கொடாத குளிர்கடல் இனம். ஆயினும் இந்த உயிர் எத்தனை நெடுங்காலம் வாழ வல்லது என்பதை அதனால் அறிகிறோம்.

நீர் சுமக்கும் தொல்லையைத் தீர்க்க, 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையை வெளியிட்டார். இன்று கடையில் வாங்கும் கடலுப்புப் பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்தால் போதும், மலையிலும் கடல் உண்டாகும். தொட்டி நீர் வற்றும்போது நல்ல நீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகப் போவதில்லை. நம் மலைக்குளிர்தான் தடை. இங்கே சராசரி வெப்பம் 18 பாகை செல்சியசை ஒட்டியது; இம்மீனுக்கோ 26 பாகையளவு வேண்டும். ஆகவே இரவும் பகலும் சூடேற்றி ஓடவேண்டும். மின்சாரம் நின்றால் தொட்டியும் குளிர்ந்துவிடும்.

மீனும் சாமந்தியும் சேர்ந்து வாழ்வதை 1868-இல் உலகுக்கு எழுதியவர் கத்பர்ட் காலிங்வுட். அவர் அதைக் கண்டது நம் தென்சீனக் கடலில்தான். மற்ற மீனைக் கொட்டிக் கொல்லும் கைகள் இதனை ஏன் கொல்லவில்லை? மீனின் உடல்மேல் உள்ள சளிப்பூச்சே காரணம் என்று 1958-இல் டேவன்போர்ட், நாரிஸ் இருவரும் சோதனையால் காட்டினர்.

ஆனால் நம் கேள்விக்கு விடை சொன்னவர், அவர்களுக்கு முன்பே பத்தேவியாவில் ஆராய்ந்த ஸ்லூய்டர். பத்தேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. சாமந்தி இல்லாத தொட்டியில் இம்மீன்கள் மாதக்கணக்கில் நலமாக வாழ்ந்தன; பெரிய மீன்களை உள்ளே விட்டபோதுதான் இரையாயின. இதை அவர் 1888-இல் எழுதினார். பகைவன் இருக்குமிடத்தில்தான் மீனுக்கு அந்தக் கோட்டை வேண்டும். நம் வீட்டுத் தொட்டியில் பகைவன் ஏது?

மற்றொன்றும் எண்ணிப் பார்ப்போம். 1970-களிலிருந்து கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். தமிழகத்தில் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டியுள்ளனர். சாமந்தியோ இன்றும் பெரும்பாலும் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கப்படுவதே. அதற்கு வலிய ஒளியும் மாசற்ற நீரும் வேண்டும். பல வீடுகளில் ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. பாட்டியை நினைத்தால் இது நமக்கு உறுத்துகிறது. தியோமானைச் சூழ்ந்த கடல் 1994-இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எடுப்பது குற்றமுமாகும்.

எனவே தொட்டியில் இரண்டு இளமீன்களை மட்டும் விடுவோம். எல்லாம் ஆணாகவே முதிர்வன. பெரியது பின்னர் பெண்ணாகிவிடும் என்பது வியப்பே. மூலையில் ஒரு சிறு மண்தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். அதையே வீடாகக் கொண்டு, அதன்மேல் ஆரஞ்சு நிற முட்டைகளை இடும். ஆண்மீன் சிறகால் விசிறிக்கொண்டு, நம் விரலைக்கூடக் கடிக்க வரும்.